அயனம்பாக்கத்தின் இரண்டு வெக்கைகள்

மார்கழி, தை மாதங்களில் சென்னைப் புறநகரான அயனம்பாக்கத்தில் விடியற்காலை வேலைக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் பைக் சீட்டில் பூத்திருக்கும் பனிநீரைத் துணியால் துடைக்கிறார்கள். வெட்டவெளியில் நின்ற வண்டியில்தான் அந்த ஈரம். நாலடி தள்ளி வேப்பமரத்தடியில் நின்ற வண்டியின் சீட் காய்ந்தே இருக்கும். இரண்டையும் சூழ்ந்திருந்தது ஒரே காற்று, ஒரே குளிர். ஒன்றில் மட்டும் ஏன் பனி படிந்தது?

சூடுள்ள எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளியே வீசிக்கொண்டே இருக்கும். வெட்டவெளியில் நின்ற வண்டி இரவு முழுக்க வானத்தை நோக்கி வீசியது. தெளிந்த வானம் திருப்பித் தந்தது குறைவு. அதனால் சீட் தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோய், காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் நீராகப் படிந்தது. மரத்தடி வண்டிக்கு மேலே இருந்தது இலை. இலை கிட்டத்தட்டக் காற்றின் சூட்டிலேயே இருப்பதால், வண்டி இழந்ததை ஏறக்குறைய அப்படியே திருப்பித் தந்துகொண்டிருந்தது. அம்பத்தூர்ப் பட்டறைகளில் பேரிங் சூட்டையும் உலைச் சூட்டையும் பார்க்க வைத்திருக்கும் டெம்பரேச்சர் கன் ஒன்றை இரவில் வானத்தை நோக்கிப் பிடித்தால் இதை எண்ணாகவே பார்க்கலாம். தெளிந்த வானத்துக்குத் தரையைவிட மிகக் குறைந்த அளவு காட்டும். மேகம் வந்து நின்றால் எண் சட்டென ஏறும்.

இனி அதே தெருவின் மே மாத இரவுக்கு வருவோம். பதினொரு மணிக்கும் சுவர் சுடுகிறது. மொட்டைமாடியில் பாய் விரித்தாலும் தூக்கம் வருவதில்லை. ஜெய்சல்மேரில் பகல் நம்மைவிடக் கொடுமையாகக் காயும். ஆனால் பொழுது சாய்ந்ததும் பாலைவனம் மளமளவென்று குளிர்ந்துவிடும். காரணம், அங்கே காற்றில் ஈரம் மிகக் குறைவு. தரை வீசும் வெப்பம் அதிகத் தடையின்றி விண்வெளிக்குப் போய்விடுகிறது. இங்கே வங்கக்கடல் அனுப்பிய நீராவி வானம் முழுக்க நிறைந்திருக்கிறது. தரை வீசியதை அது உறிஞ்சித் திரும்பவும் நம்மேல் வீசுகிறது. சூரியன் பகலில் மட்டும் வேலை செய்யும். இந்த வீச்சுக்கு இரவு விடுமுறை கிடையாது. உலகச் சராசரியைக் கணக்கிட்டால், தரை சூரியனிடமிருந்து நேராக உறிஞ்சிக்கொள்வதைப்போல இரு மடங்கு ஆற்றல், காற்றுமண்டலத்திலிருந்து அகச்சிவப்புக் கதிராகத் தரைக்கு வந்து சேர்கிறது. பள்ளிக்கூடப் பாடத்தில் 'பசுமை இல்ல விளைவு' என்று படித்தது இதைத்தான்.

இந்த விளைவு இல்லாவிட்டால் நாம் இல்லை என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பூமி சூரியனிடமிருந்து எடுத்துக்கொள்ளும் ஆற்றல், இரவுபகல் எல்லாம் சேர்த்துச் சராசரியாக, சதுர மீட்டருக்குச் சுமார் 240 வாட். அதே அளவை விண்வெளிக்குத் திருப்பி அனுப்பினால்தான் கணக்கு நேராகும். 240 வாட்டை வீச ஒரு கோளுக்கு மைனஸ் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும். ஆனால் நம் தரையின் சராசரி வெப்பநிலை 15 டிகிரியை ஒட்டி இருக்கிறது. இடையிலுள்ள 33 டிகிரியும் காற்றின் கொடை. காற்று என்றாலும் எல்லாக் காற்றும் அல்ல. உலர்ந்த காற்றில் 99 விழுக்காடு நைட்ரஜனும் ஆக்ஸிஜனும்தான். ஒரே வகை அணு இரண்டு கைகோத்த அந்த மூலக்கூறுகள் பூமியின் வெப்பக் கதிரைக் கண்டுகொள்வதே இல்லை. மூன்று அணு கொண்ட நீராவியும் கார்பன் டை ஆக்சைடும், ஐந்து அணு கொண்ட மீத்தேனும் வளைந்தும் நீண்டும் அதிரக்கூடியவை. அந்த அதிர்வோடு பொருந்தும் அலைநீளக் கதிர் வந்தால் பிடித்துக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு பிடிப்பதில் முக்கியமானது 15 மைக்ரான் அலைநீளம். பூமி மிகுதியாக வீசும் பகுதிக்கு நட்டநடுவே அது விழுகிறது.

இதைக் கண்டுபிடித்த வரலாறு பழையது. 1856-ல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபுட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழல்களில் வெவ்வேறு வாயுக்களை நிரப்பி வெயிலில் வைத்தார். கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய குழல் அதிகம் சூடேறி, ஆறுவதற்கும் நெடுநேரம் எடுத்தது. காற்றில் இந்த வாயு கூடியிருந்தால் பூமி இதைவிடச் சூடாக இருந்திருக்கும் என்று அப்போதே எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து லண்டனில் ஜான் டிண்டால், எந்த வாயு எவ்வளவு வெப்பக் கதிரை உறிஞ்சுகிறது என்பதைக் கருவி வைத்தே அளந்தார். 1896-ல் ஸ்வீடன் நாட்டு ஸ்வாந்தே அர்ஹீனியஸ், இந்த வாயு இரட்டித்தால் உலகம் எத்தனை டிகிரி சூடாகும் என்று காகிதமும் பேனாவும் கொண்டே கணக்குப் போட்டார். நேற்று முளைத்த கருத்து இது என்று யாராவது சொன்னால், இந்த ஆண்டுகளை எடுத்துக் காட்டலாம்.

நியாயமான ஓர் ஐயம் உண்டு. தரையை ஒட்டிய காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடே 15 மைக்ரான் கதிரை முழுக்க உறிஞ்சிவிடுகிறது. ஏற்கெனவே முழுவதும் பிடிபட்டுவிட்டது என்றால், மேலும் வாயு சேர்ந்து என்ன ஆகிவிடப்போகிறது? இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய இயற்பியலாளர்களே இப்படிக் கேட்டு அர்ஹீனியஸை ஓரங்கட்டினார்கள். விடை தரையில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. உறிஞ்சப்பட்ட கதிர் மறுபடி வீசப்பட்டு, மறுபடி உறிஞ்சப்பட்டு, படிப்படியாக மேலேறுகிறது. காற்று மெலிந்த ஓர் உயரத்தில்தான் அது கடைசியாக விண்வெளிக்குத் தப்புகிறது. வாயு கூடினால் அந்தத் தப்பும் உயரமும் கூடும். ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போனவர்களுக்கு மேலே போகப் போகக் குளிரும் என்று தெரியும். கிலோமீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி குறைகிறது. குளிர்ந்த இடத்திலிருந்து வீசப்படும் கதிர் வலுக் குறைந்தது. ஆக, வெளியே போவது 240 வாட்டுக்குக் கீழே இறங்குகிறது. உள்ளே வருவது மாறவில்லை. கணக்கு மீண்டும் நேராகும்வரை கீழே உள்ள அனைத்தும் சூடேறித்தான் தீர வேண்டும். இன்றைக்குப் பூமி, வருவதற்கும் போவதற்கும் இடையே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு வாட் மிச்சம் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த மிச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு கடலுக்குள் போகிறது.

நீராவிதான் வலிமையான வாயு என்றால், அயனம்பாக்கம் ஏரியிலிருந்து எழும் ஆவியும் குற்றவாளிதானா? இல்லை. காற்றில் ஏறிய நீராவி பத்து நாளைக்குள் மழையாகவோ பனியாகவோ இறங்கிவிடும். காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பதை முடிவு செய்வது அதன் வெப்பநிலை. ஒரு டிகிரி கூடினால் சுமார் 7 விழுக்காடு கூடுதலாகத் தாங்கும். எனவே கார்பன் டை ஆக்சைடு முதலில் சூட்டை ஏற்றுகிறது. அந்தச் சூடு கடலிலிருந்து கூடுதல் நீராவியை அழைத்து வருகிறது. அந்த நீராவி சூட்டை மேலும் ஏற்றுகிறது. முதல் அடியை எடுத்து வைப்பது, நூற்றாண்டுக் கணக்கில் காற்றிலேயே தங்கிவிடும் வாயுதான்.

அந்த வாயு எவ்வளவு கூடியிருக்கிறது? தொழிற்புரட்சிக்கு முன் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958-ல் அளக்கத் தொடங்கியபோது 315. அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்த 1964-ல் 320-ஐ ஒட்டி. மௌனா லோவாவில் 2024-ன் சராசரி 424-க்கு மேல். தொழிற்பேட்டையின் முதல் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்தவர் தம் பேரன் தலையெடுப்பதற்குள் நூறைத் தாண்டிக் கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார். கூடியது நம் கைவேலைதான் என்பதற்குக் கைரேகையும் கிடைத்திருக்கிறது. உயிருள்ள மரத்திலும் உடலிலும் கார்பன்-14 என்ற கதிரியக்க வகை சிறிதளவு இருக்கும். சுமார் 5,730 ஆண்டுகளுக்கு ஒருமுறை அது பாதியாகக் குறையும். பல கோடி ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது துளியும் மிஞ்சியிருக்காது. காற்றிலுள்ள கார்பனில் கார்பன்-14-ன் பங்கு நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே கண்டார். காட்டுத் தீயாலோ கடலாலோ அப்படி நீர்த்துப்போக முடியாது. மிகப் பழைய கார்பனை யாரோ தோண்டி எரிக்கிறார்கள் என்பதுதான் அதற்குப் பொருள்.

இந்த இருப்புக் கணக்கைப் புரிந்துகொள்ள ஏரிப்பாசனம் அறிந்த நமக்கு வேறு உவமை வேண்டாம். ஓர் ஏரியின் நீர்மட்டத்தை வரத்து மட்டும் முடிவு செய்வதில்லை. வரத்துக் கால்வாயில் வருவதற்கும், மதகிலும் கலங்கலிலும் போவதற்கும் உள்ள வித்தியாசம்தான் முடிவு செய்கிறது. நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் எல்லாம் சேர்ந்து உலகம் ஆண்டுக்கு 3,700 கோடி டன்னுக்கும் மேலான கார்பன் டை ஆக்சைடை வானத்தில் விடுகிறது. காடுகளும் கடலும் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொள்கின்றன. மீதிப் பாதி தங்கிவிடுகிறது. 'இந்த ஆண்டு புகை வெளியேற்றம் கூடவில்லை' என்று செய்தி வந்தால் பலர் நிம்மதி அடைகிறார்கள். வரத்து கூடவில்லை என்றால் மட்டம் அதே வேகத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது என்றுதான் பொருள். மட்டம் நிற்க வேண்டுமானால் வரத்தை அடைக்கவே வேண்டும்.

இப்போது தெருவுக்குத் திரும்புவோம். வடக்கே தொழிற்பேட்டை, தெற்கே பூந்தமல்லி நெடுஞ்சாலை, பக்கத்தில் கூவம், நடுவில் ஏரி. வயலும் தோப்புமாக இருந்த இந்த ஊர் அடுக்குமாடிகளாக மாறியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'ஏரியைச் சுருக்கினாங்க, மரத்தை வெட்டினாங்க, அதான் இந்த வெக்கை' என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கான்கிரீட்டும் தார்ச்சாலையும் பகல் வெயிலைக் குடித்து வைத்து இரவில் கக்குகின்றன. நெருக்கமான கட்டடங்கள் தரைக்குத் தெரியும் வானத்தைக் குறுக்கிவிடுகின்றன. வண்டிகளும் இயந்திரங்களும் தம் சூட்டையும் கொட்டுகின்றன. இதை நகர வெப்பத் தீவு என்கிறோம். இது முதல் வெக்கை. ஊருக்கு ஊர் மாறும். ஒரே ஊரில் தெருவுக்குத் தெரு மாறும்.

காற்றிலுள்ள வாயு ஏற்றும் சூடு இரண்டாவது வெக்கை. அதற்கு ஊர் எல்லை இல்லை. கான்கிரீட்டே இல்லாத நடுக்கடலும் சூடேறியிருப்பது அதன் சாட்சி. 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில் உலகம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியோடு ஒப்பிட்டால் 1.1 டிகிரி சூடேறியிருந்தது. 2024-ஆம் ஆண்டு மட்டும் ஒன்றரை டிகிரியைத் தாண்டியது. இவ்விரண்டு வெக்கைகளையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் நம் பேச்சிலும் மேடைகளிலும் நான் காணும் பெரிய சிக்கல். குழப்பினால் மருந்தும் மாறிப்போகும். மரம் நட்டுவிட்டோம், வானம் சரியாகிவிடும் என்று நம்புவோம். அல்லது உலகமே சூடாகிறது, நம் தெருவில் செய்து என்ன பயன் என்று கையை விரிப்போம். இரண்டுமே தவறு.

ஏரி முதல் வெக்கைக்கு மருந்து. அதன் வலிமையைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாக, சுற்றுப்புறத்திலிருந்து முக்கால் யூனிட் மின்சாரத்துக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். கோடை நாளில் ஏரிமட்டம் 5 மில்லிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொண்டால், ஓர் ஏக்கர் நீர்ப்பரப்பிலிருந்து ஒரே நாளில் 20,000 லிட்டர் ஆவியாகிறது. ஒன்றரை டன் ஏசிகள் சுமார் நூறு, இருபத்துநாலு மணி நேரமும் ஓடி நீக்கும் வெப்பத்துக்கு அது ஈடு. மின்கட்டணம் இல்லை, புகை இல்லை. நம் கடலோரக் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுதி என்பதால் இரவில் ஏரியின் உதவி குறைந்துவிடும். பகலில் அது செய்யும் வேலைக்கு மாற்று கிடையாது. அயனம்பாக்கம் ஏரியின் ஒவ்வோர் ஏக்கரையும் காப்பதற்கு இந்த ஒரு காரணமே போதும் என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அதே ஏரியில் கழிவுநீர் விழுந்தால் அது இரண்டாவது வெக்கைக்கு எரிபொருளாகிவிடும். நம் புறநகர் ஏரிகள் எல்லாவற்றுக்கும் உள்ள ஆபத்து இது. கழிவில் உள்ள கரிமப் பொருளைத் தின்னும் நுண்ணுயிர்கள் நீரின் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அடிச்சேற்றில் ஆக்ஸிஜன் அற்றுப்போனதும், அது இல்லாமலே வாழும் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி மீத்தேனை உண்டாக்குகின்றன. கருத்த சேற்றிலிருந்து குமிழ் குமிழாக எழுவதில் அதுவும் உண்டு. ஆகாயத்தாமரை மூடி, மடிந்து, அழுகினால் இன்னும் கூடும். மூடி வைத்த குப்பைமேட்டிலும் இதேதான் நடக்கிறது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்து நாள்கணக்கில் புகைந்ததை நகரமே சுவாசித்தது. மீத்தேன் காற்றில் பன்னிரண்டு ஆண்டுபோலத்தான் இருக்கும். ஆனால் முதல் இருபது ஆண்டைக் கணக்கிட்டால், எடைக்கு எடை கார்பன் டை ஆக்சைடைப்போல எண்பது மடங்கு சூடேற்றும். வரத்தை நிறுத்தினால் பலன் நம் ஆயுளிலேயே தெரியும் வாயு இது. வீட்டு ஈரக் குப்பையை உரமாக்குவதும், செப்டிக் டேங்க் லாரி ஏரியில் கொட்டாமல் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போவதும் ஊர் நலத்தோடு வான நலமும் ஆகும்.

இரண்டு வெக்கைகளும் ஒன்றாகச் சந்திக்கும் இடம் ஒவ்வொரு பால்கனியிலும் தொங்குகிறது. ஏசியின் அவுட்டோர் யூனிட் அறையின் சூட்டைத் தெருவில் கொட்டும்போது முதல் வெக்கையைக் கூட்டுகிறது. அது இழுக்கும் மின்சாரம் இரண்டாவதைக் கூட்டுகிறது. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களில் வெட்டிய நிலக்கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறி எண்ணூருக்கு வந்து, வடசென்னை அனல்மின் நிலையத்தில் எரிகிறது. 25 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய காடுகளின் கார்பன் அது. இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு கிளம்புகிறது. ஓர் இரவுக்கு எட்டு யூனிட் என்றால் ஐந்தரை கிலோவுக்கு மேல். ஆடிக் காற்று வீசும் மாதங்களில் நம் காற்றாலைகள் இந்தச் சுமையைக் கணிசமாகத் தாங்குகின்றன. ஆனால் புழுக்கம் உச்சத்தில் இருக்கும் இரவு நேரத்தில் சூரிய மின்சாரம் கிடையாது. நெடுஞ்சாலையில் போகும் லாரியின் கணக்கும் பலரை வியக்க வைக்கும்: ஒரு கிலோகூட எடையில்லாத ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வருகிறது. டீசலின் கார்பனோடு காற்றின் ஆக்ஸிஜன் சேர்ந்துகொள்வதால் வரும் எடை அது.

ஏசிக்குள் இன்னொரு பொருள் இருக்கிறது. மெக்கானிக்குகள் வெறுமனே 'கேஸ்' என்று சொல்வது. அதன் கதையில் ஒரு தமிழர் வருகிறார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் முடித்த வீரபத்ரன் ராமநாதன், செகந்திராபாத்தில் ஒரு குளிர்சாதனப் பெட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். பெட்டிகளிலிருந்து குளோரோஃபுளூரோ கார்பன் ஏன் கசிகிறது என்று பார்ப்பது அவர் வேலை. பிறகு அமெரிக்கா போய், கோள்களின் காற்றுமண்டலத்தைப் படித்தவர், 1975-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். அந்தக் கசிந்த வாயுவின் ஒரு மூலக்கூறு, கார்பன் டை ஆக்சைடின் பத்தாயிரம் மூலக்கூறுக்கு மேல் சூடேற்றும் என்று அது காட்டியது. கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் விட்டுவைத்த இடைவெளி அலைநீளங்கள் வழியாகத்தான் பூமி நன்றாக மூச்சுவிடுகிறது. இந்த வாயு சரியாக அந்த இடைவெளியை அடைக்கிறது. பருவநிலைப் பிரச்சினை நிலக்கரியோடு முடிவதில்லை என்று உலகுக்கு முதலில் காட்டிய ஆய்வுகளில் அது ஒன்று. அதைச் செய்தவருக்கு வாயுக் கசிவு முதலில் அறிமுகமானது தொழிற்சாலைத் தரையில் என்பது, தொழிற்பேட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

ஓசோன் படலத்தைக் காக்க 1987-ல் மான்ட்ரியலில் ஒப்பந்தம் போட்டு அந்த வாயுக்களை ஒழித்தோம். பின்னால் வந்த மாற்று வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை; சூடேற்றுவதை நிறுத்தவும் இல்லை. பல ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால், நூறாண்டுக் கணக்கில் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். ஓர் இந்தியரின் பங்காக ஆண்டு முழுவதும் வானத்துக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு ஏறக்குறைய அவ்வளவுதான். புதிய ஏசிகளில் வரும் ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கு. புரோப்பேன் வாயுவான ஆர்-290 கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை; தீப்பற்றும் என்பதால் கவனமாகக் கையாள வேண்டும். 'வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்' என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கசிவில்லாத ஏசிக்குக் கேஸ் குறையாது. குறைந்தால் ஓட்டையை அடைக்காமல் டாப்-அப் செய்வது காசையும் காற்றையும் சேர்த்துக் கெடுக்கும். வீடு மாறும்போது 'பம்ப் டவுன்' செய்து கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் அடைத்த பிறகே குழாயைக் கழற்ற வேண்டும். இந்தப் பத்து நிமிட வேலையைச் சிரத்தையாகச் செய்யும் மெக்கானிக், ஒரு கிலோ ஆர்-410ஏ வாயுவைக் காற்றில் விடாமல் காத்தால், ஒரு மனிதரின் ஓராண்டுப் பங்கை வானத்துக்குப் போகாமல் தடுத்தவராகிறார். இவர்களுக்குப் பயிற்சியும் வாயுவை மீட்கும் இயந்திரமும் கிடைக்கச் செய்வது அரசு உடனே எடுக்க வேண்டிய காரியம். 2016-ன் கிகாலி உடன்பாட்டின்படி 2028-ல் இந்தியா இவ்வாயுக்களின் பயன்பாட்டுக்கு உச்சவரம்பு வைக்க வேண்டும். 2047-க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

மழையைப் பற்றியும் கேட்பார்கள். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 2019 வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையே நீரில் நின்றது. எல்லாவற்றையும் வானத்தின் தலையில் கட்டிவிட முடியாது. 2015 மழையை ஆராய்ந்த பன்னாட்டு அறிஞர்கள், அதில் புவி வெப்பமாதலின் தடம் தெளிவாகத் தெரியவில்லை என்றே எழுதினார்கள். நம் வட்டாரத்தின் புகையும் தூசும் வெயிலை மறைத்து, சூட்டின் ஒரு பகுதியை மூடி வைத்திருக்கலாம் என்பது அவர்கள் சொன்ன ஒரு காரணம். அறிவியல் தனக்குச் சாதகமில்லாத விடையையும் வெளியிடுகிறது என்பதால்தான் அதை நம்புகிறேன். வெள்ளம் ஊருக்குள் நின்றதற்கு வரத்துக் கால்வாய்களை அடைத்தது காரணம். அதை மறைக்கப் பருவநிலையைத் திரையாகப் பிடிப்பது அநியாயம். அதே நேரம், சூடான காற்று கூடுதல் நீரைச் சுமக்கும் என்ற 7 விழுக்காட்டு விதி யாருக்காகவும் தளராது. வரும் புயல்கள் கொண்டுவரும் மழை, பழைய கணக்கில் கட்டிய வடிகாலுக்கு அடங்காது.

இவ்வளவும் உடம்பில் வந்து முடிகிறது. வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும். நம் கடலோரக் காற்றில் அது ஆவியாகாமல் வழிந்துபோகிறது. அயனம்பாக்கத்திலிருந்து சில கிலோமீட்டரில், போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தில் வித்யா வேணுகோபால் தலைமையிலான குழு, உப்பளம், செங்கல் சூளை, பட்டறை என்று வெக்கையில் உழைப்பவர்களைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. 2017-ல் தொடங்கிய ஆய்வில் தமிழ்நாட்டின் 800 கர்ப்பிணிப் பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். வெக்கையில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு, இறந்து பிறத்தல் ஆகியவற்றின் அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். படிக்கும்போது மனம் கனக்கும் முடிவு அது. பிழைப்புக்காகச் சூளையில் கல் சுமக்கும் பெண்ணின் வயிற்றுப் பிள்ளை, தான் ஒருபோதும் அனுபவிக்காத சுகங்களின் புகைக்கு விலை கொடுக்கிறது. 2024-ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது சரியான அடி. தொழிற்கூடத்துக்குள் நிழல், நீர், ஓய்வு ஆகியவை உரிமையாக வரும்வரை அது பாதி அடிதான்.

ஒரு சராசரி இந்தியரின் பங்காக வானத்துக்குப் போகும் கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கு இரண்டு டன், ஒரு சராசரி அமெரிக்கருடையது சுமார் 14 டன். வானத்தில் தேங்கியிருக்கும் சரக்கில் பெரும்பங்கு நம்முடையதல்ல. இதைச் சொல்லி நியாயம் கேட்க நமக்கு உரிமை உண்டு, கேட்கவும் வேண்டும். ஆனாலும் அந்த வாதம் மே மாத இரவைக் குளிர வைக்காது. இந்தியா 2070-க்குள்ளும், சென்னை மாநகரம் தன் செயல்திட்டத்தின்படி 2050-க்குள்ளும் நிகர வெளியேற்றத்தைப் பூஜ்யமாக்குவதாகச் சொல்லியிருக்கின்றன. அந்த ஆண்டுகளுக்குள் கட்டப்படும் வீடும் வாங்கப்படும் ஏசியும் போடப்படும் கூரையும்தான் அதை முடிவு செய்யும்.

கூரையைச் சொன்னேன். தொழிற்பேட்டையின் தகர, ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்களின் கீழே பகல் வேளையில் நிற்க முடியாது. அந்தக் கூரையில் வெள்ளைப் பூச்சு அடித்தால் வெயிலின் பெரும்பகுதி வெப்பமாக மாறாமலே வானத்துக்குத் திரும்பிவிடும். கீழே வேலை செய்பவருக்கு அன்றைக்கே தெரியும். சூரியப் பேனல் போட்டால் அதன் நிழலே கூரையைக் குளிர்விக்கும். ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் நாளொன்றுக்குச் சராசரி நாலு யூனிட் தரும். எரியாத நிலக்கரியின் கணக்கில் ஆண்டுக்கு ஒரு டன் கார்பன் டை ஆக்சைடு மிச்சம். ஒரே கூரை இரண்டு வெக்கைகளுக்கும் மருந்தாகும் இடம் அது. வெள்ளையும் அடிக்காத, பேனலும் ஏறாத கூரைகள் அம்பத்தூரில் இன்னும் நிறைய இருக்கின்றன.